நாணயத்திற்கு நேர்ந்த சோதனை
சால்மன் சேஸ்: வாழ்வும் தீர்ப்பும்

தமிழில் நாணயம் என்னும் சொல் இரு பொருள் தரும். கையில் புழங்கும் காசும் நாணயம். சொன்ன சொல்லில் நிற்கும் நேர்மையும் நாணயம். இவ்விரண்டையும் நாம் ஒரே சொல்லால் சுட்டி வருவது எண்ணிப் பார்க்கத்தக்கது. காசு என்பது அரசு தன் குடிமக்களுக்குத் தரும் வாக்குறுதி. இதில் இத்தனை எடை வெள்ளி உண்டு என்று முத்திரை பொறித்தால், அவ்வெடை அதில் இருத்தல் வேண்டும். அளவையிலும் நிறுவையிலும் குறை செய்யாமையைத் தலையாய அறமாகப் போற்றும் சமுதாயத்தார்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

ஆயின், நாட்டின் உயிருக்கே ஊறு நேரும் போர்க்காலத்தில் அரசு அவ்வாக்குறுதியைக் காக்க இயலாமற் போனால் என் செய்வது? வாக்கைக் காத்து நாட்டை இழப்பதா? நாட்டைக் காக்க வாக்கை நெகிழ்ப்பதா? இவ்வினா ஒரு மனிதரின் வாழ்வில் இருமுறை எதிர்ப்பட்டது. முதன்முறை நிதிப் பொறுப்பில் இருந்துகொண்டு அவர் ஒரு விடை சொன்னார். எட்டாண்டுகள் கழித்துத் தலைமை நீதிபதியின் இருக்கையில் அமர்ந்து, தாம் முன்னர்ச் சொன்ன விடை தவறு என்று தீர்ப்பளித்தார். அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது ஆபிரகாம் லிங்கனின் அமைச்சரவையில் கருவூலச் செயலராக விளங்கிய சால்மன் போர்ட்லண்ட் சேஸ் என்பாரே அவர். அவருடைய வாழ்வை அறிவது, போர்க்காலச் சட்டங்கள் வெள்ளிக் காசையும் அரசின் நிதியையும் என்ன பாடு படுத்தின என்பதை அறிவதும் ஆகும்.

இளமையும் கல்வியும்

சேஸ் 1808ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 13ஆம் நாள் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்துக் கார்னிஷ் என்னும் சிற்றூரில் பிறந்தார். ஒன்பதாம் வயதில் தந்தையை இழந்தார். குடும்பம் பெரிது, கைப்பொருளோ குறைவு. ஒகையோ மாநிலத்தில் கிறித்தவப் பேராயராக இருந்த சிற்றப்பர் ஃபிலாண்டர் சேஸ், சிறுவனைத் தம்மிடம் அழைத்து வளர்த்தார். கண்டிப்பும் இறைபக்தியும் நிறைந்த அவ்வளர்ப்பு சேஸின் உள்ளத்தில் இறுதிவரை நிலைத்து நின்றது.

டார்ட்மத் கல்லூரியில் 1826இல் பட்டம் பெற்ற அவர், தலைநகர் வாஷிங்டனில் சிறுவர் பள்ளி நடத்தி வயிறு வளர்த்துக்கொண்டே, அந்நாள் தலைமை வழக்கறிஞரான வில்லியம் விர்ட் என்பாரிடம் சட்டம் பயின்றார். 1830இல் ஒகையோ மாநிலத்துச் சின்சினாட்டி நகரில் குடியேறித் தொழில் தொடங்கினார். வழக்குகள் வாராத தொடக்க நாள்களை வீணாக்காது, சிதறிக் கிடந்த ஒகையோ மாநிலச் சட்டங்கள் அனைத்தையும் மூன்று தொகுதிகளாகத் தொகுத்து வெளியிட்டார். அத்தொகுப்பே அவருக்குப் பெயரையும் வழக்குகளையும் தேடித் தந்தது.

வெளியுலகில் ஏற்றம் பெற்ற அவருக்கு இல்லத்தில் துயரமே மிகுந்தது. மூன்று முறை மணம் புரிந்தார். மூன்று மனைவியரையும் இளமையிலேயே இழந்தார். பிறந்த ஆறு பெண் மக்களுள் இருவரே எஞ்சினர். 1852இல் மூன்றாம் மனைவி இறந்தபோது அவருக்கு வயது நாற்பத்து நான்கு. அதன்பின் அவர் மணம் செய்துகொள்ளவில்லை.

ஒரு வெள்ளிக் குடம்

சின்சினாட்டி நகர் ஒகையோ ஆற்றின் கரையில் உள்ளது. ஆற்றின் இக்கரை அடிமைமுறை இல்லாத மண். அக்கரையில் கென்டக்கி அடிமை மாநிலம். ஆற்றைக் கடந்தால் விடுதலை என்று நம்பி ஓடிவந்தோரைப் பிடித்துத் திருப்பி அனுப்பச் சட்டம் இருந்தது. 1837இல் மட்டில்டா என்னும் இளம்பெண்ணை உடையவர்கள் பிடித்துச் செல்ல முயன்றபோது, அவளுக்காகச் சேஸ் நீதிமன்றம் ஏறினார். அடிமைமுறை என்பது சில மாநிலங்கள் தமக்குள் வகுத்துக்கொண்ட ஏற்பாடே. அந்த எல்லைக்கு வெளியே மனிதன் இயற்கையில் உரிமை உடையவன் என்பது அவர் வாதம். வழக்கில் தோற்றார், மட்டில்டா மீண்டும் அடிமையாக்கப்பட்டாள். ஓடிவந்த அடிமைகளுக்குத் தன் வண்டியில் இடம் கொடுத்த வான் சாண்ட் என்னும் உழவருக்காக உச்ச நீதிமன்றம் வரை சென்றார். 1847இல் அங்கும் தோற்றார்.

தோல்வி அவரைத் தளர்த்தவில்லை. ஓடிவந்த அடிமைகளின் தலைமை வழக்கறிஞர் என்று அடிமைமுறை ஆதரவாளர்கள் அவரை ஏளனம் செய்தனர். அந்த ஏளனம் நாளடைவில் பட்டமாகவே மாறிற்று. 1845இல் சின்சினாட்டி நகரத்துக் கறுப்பின மக்கள் தம் சிறு வருவாயிலிருந்து பொருள் திரட்டி அவருக்கு ஒரு வெள்ளிக் குடத்தைப் பரிசாக அளித்தனர். பின்னாளில் நாட்டின் வெள்ளி அனைத்தும் அவர் பொறுப்பில் வந்தது. எனினும் அந்த ஏழை மக்கள் மனமுவந்து தந்த வெள்ளிக்கு ஈடான சிறப்பு அவருக்கு வேறு எதனாலும் வாய்க்கவில்லை எனலாம்.

1849இல் மேலவை உறுப்பினராகவும் 1856 முதல் 1860 வரை ஒகையோ மாநில ஆளுநராகவும் விளங்கினார். குடியரசுத் தலைவர் ஆகவேண்டும் என்னும் வேட்கை அவரை விட்டு ஒருநாளும் அகன்றதில்லை. 1860இல் கட்சியின் வேட்பாளராக முயன்று லிங்கனிடம் தோற்றார். லிங்கன் தம் போட்டியாளர்களை ஒதுக்கிவிடாது அமைச்சரவையில் சேர்த்துக்கொண்டவர். அவ்வாறே 1861 மார்ச்சுத் திங்களில் சேஸ் கருவூலச் செயலரானார். அப்பதவி நம் நாட்டு நிதியமைச்சர் பதவிக்கு ஒப்பானது.

வெறுமையான கருவூலம்

அவர் ஏற்ற கருவூலம் ஏறத்தாழ வெறுமையாகவே இருந்தது. தென் மாநிலங்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்துகொண்டிருந்தன. ஏப்பிரல் 12ஆம் நாள் சம்ட்டர் கோட்டையின்மீது பீரங்கிகள் முழங்கின, போர் மூண்டது. 1860இல் நாட்டின் கடன் ஏறத்தாழ ஆறரைக் கோடி டாலர். சூலைத் திங்களில் கூடிய சிறப்புக் கூட்டத்தில் ஓராண்டுச் செலவுக்கு மட்டும் ஏறத்தாழ 32 கோடி டாலர் வேண்டும் என்று காங்கிரசு மன்றத்திடம் சேஸ் கேட்க நேர்ந்தது.

அக்காலத்து அமெரிக்கப் பண ஏற்பாட்டை மாணவர்கள் அறிந்துகொள்ளல் நலம். நடுவண் வங்கி என்று ஒன்று இல்லை. மாநிலங்களின் உரிமம் பெற்ற ஏறத்தாழ 1,600 வங்கிகள் தத்தம் தாள்களை அச்சிட்டு வெளியிட்டன. எது நல்ல தாள், எது கள்ளத் தாள் என்று அறிவதே வணிகருக்குப் பெரும்பாடாக இருந்தது. அதனால் நடுவண் அரசு இத்தாள்களை நம்பவில்லை. 1846ஆம் ஆண்டுச் சட்டப்படி அது தங்கத்தையும் வெள்ளியையுமே பெற்றது, அவற்றையே கொடுத்தது.

சேஸ் இந்தப் பொற்காசுக் கொள்கையில் ஊறியவர். 1861 ஆகஸ்டில் நியூயார்க்கு, பாஸ்டன், ஃபிலடெல்ஃபியா ஆகிய மூன்று நகரங்களின் வங்கிகளும் ஒன்றுகூடி 15 கோடி டாலர் வரை கடன்தர முன்வந்தன. தொகையை வங்கியிலேயே வைத்துக் காசோலை வழியாக எடுத்துக்கொள்ளுமாறு வங்கியாளர் வேண்டினர். அவ்வாறு செய்யும் வகையில் சட்டமும் அப்போதுதான் தளர்த்தப்பட்டிருந்தது. சேஸ் இணங்கவில்லை, பொற்காசாகவே கருவூலத்திற்கு வரவேண்டும் என்றார். வங்கிகளின் காப்பிருப்பு கரைந்தது. அந்த நேரத்தில் டிரென்ட் என்னும் பிரித்தானியக் கப்பலை மறித்துத் தென்னாட்டுத் தூதர் இருவரைச் சிறைப்படுத்திய நிகழ்ச்சியால் இங்கிலாந்துடனும் போர் வருமோ என்னும் அச்சம் எழுந்தது. மக்கள் பொன்னைப் பதுக்கத் தொடங்கினர். 1861 டிசம்பர் 30ஆம் நாள் நியூயார்க்கு வங்கிகள் தாளுக்குப் பொன் தருவதை நிறுத்தின. அரசும் நிறுத்த வேண்டியதாயிற்று. பொற்காசை விடாது பற்றிநின்ற அவருடைய பிடிவாதமும் பொற்காசு மறைவதற்கு ஒரு காரணமானது.

தாளைப் பணமாக்கிய சட்டம்

அந்நாளில் போரின் செலவு நாளொன்றுக்குப் பத்து இலட்சம் டாலருக்கு மேல். படைவீரர்க்குச் சம்பளம் இல்லை. துப்பாக்கி செய்தவர்க்கும் துணி நெய்தவர்க்கும் பாக்கி. இந்நிலையில் ஸ்பால்டிங் என்னும் உறுப்பினர் ஒரு சட்ட முன்வரைவைக் கொணர்ந்தார். அரசே தாள்களை அச்சிட வேண்டும். கொடுக்கல் வாங்கல் அனைத்திலும் அத்தாளைப் பணமாக ஏற்கச் சட்டத்தால் கட்டாயப்படுத்த வேண்டும். இதுவே சட்டமுறைச் செலாவணி எனப்படும்.

சேஸ் தயங்கினார். வெறுந்தாளைப் பொன்னுக்கு நிகராக ஏற்கச் சொல்வது அவர் மனச்சான்றுக்கு ஒவ்வவில்லை. ஆயினும் பசித்த படைக்கு முன் தயக்கம் நிற்கவில்லை. 1862 பிப்ரவரித் தொடக்கத்தில் வேறு வழியில்லை என்று எழுதி ஆதரவு தந்தார். பிப்ரவரி 25ஆம் நாள் லிங்கன் கையொப்பமிடச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. முதலில் 15 கோடி. சூலையில் மேலும் 15 கோடி. 1863 மார்ச்சில் இன்னும் 15 கோடி. ஆக 45 கோடி டாலர் அளவுக்குத் தாள் வெளியிட ஒப்புதல் கிடைத்தது. பின்புறம் பச்சை மையில் அச்சிடப்பட்டமையால் மக்கள் அதனைப் பச்சைத்தாள் என்றனர். ஒரு டாலர் தாளில் சேஸ் தம் உருவத்தையே பொறிக்கச் செய்தார். தேர்தல் நாட்டம் அதில் கலந்திருந்தது என்று அன்றே பலர் பேசினர்.

அச்சட்டத்தில் இரு விலக்குகள் இருந்தன. இறக்குமதியாளர் சுங்கத் தீர்வையைக் காசாகவே செலுத்தவேண்டும். அரசு தன் கடன் பத்திரங்களுக்குரிய வட்டியையும் காசாகவே கொடுக்கும். பத்திரம் வாங்குவோரை ஈர்க்கவே இந்த ஏற்பாடு. வாங்கியோரும் மிகுதி. ஜே குக் என்னும் ஃபிலடெல்ஃபியா நிதியாளர் ஏறத்தாழ 2,500 முகவர்களை ஊர்தோறும் அனுப்பி, ஐம்பது டாலர் முதலிய சிறு பத்திரங்களையும் விற்று, 1864 சனவரிக்குள் 50 கோடி டாலருக்கு மேல் திரட்டித் தந்தார். ஆயினும் ஒரே அரசு பத்திரம் வைத்திருந்தவர்க்குப் பொன்னும், களத்தில் குருதி சிந்தியவர்க்குத் தாளும் தந்தது என்னும் முரண்பாட்டை மறுப்பதற்கில்லை.

வெள்ளி மறைந்த கோடை

தாள் மிகுந்தது, அதன் மதிப்புக் குறைந்தது. முதலில் பொற்காசு புழக்கத்திலிருந்து நீங்கியது. பெருந்தொகைக்கே பயன்பட்ட பொன் மறைந்ததை எளிய மக்கள் அவ்வளவாக உணரவில்லை. பின்னர் வெள்ளி மறைந்தபோதுதான் போர் ஒவ்வொருவர் மடிக்குள்ளும் புகுந்தது.

அமெரிக்க வெள்ளிச் சில்லறைக் காசுகளின் எடை 1853ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஏறத்தாழ நூற்றுக்கு ஏழு பங்கு குறைக்கப்பட்டிருந்தது. அரை டாலர்க் காசு 206¼ கிரெயினிலிருந்து 192 கிரெயினாயிற்று. காசை உருக்கினால் நட்டமே வரும் என்பதால் அவை நாட்டிலேயே புழங்கின. ஆனால் தாளின் மதிப்புப் பொன்னுக்கு எதிராகச் சில விழுக்காடு இறங்கியதும் அந்தக் காப்பு உடைந்தது. நூறு டாலர் தாளைவிட நூறு டாலர் வெள்ளிச் சில்லறை மிகுதியான விலை பெற்றது. தரகர்கள் வெள்ளியை வாங்கிக் கனடாவுக்கும் பிற நாடுகளுக்கும் அனுப்பினர். எஞ்சியதை மக்கள் பெட்டிக்குள் பூட்டினர். தாழ்ந்த பணம் உயர்ந்த பணத்தைப் புழக்கத்திலிருந்து விரட்டும் என்று பொருளியல் மாணவர்கள் பயிலும் கிரெஷாம் விதிக்கு இதனினும் தெளிந்த சான்று அரிது. 1862 சூன், சூலைத் திங்களில் ஒருசில கிழமைகளுக்குள் கிழக்கு மாநிலங்களின் நகரங்களில் வெள்ளிச் சில்லறை அடியோடு மறைந்தது.

ஒரு டாலர்த் தாளைக் கொண்டுவந்து ரொட்டி வாங்குபவருக்கு மீதி தரக் கடைக்காரரிடம் காசு இல்லை. குதிரை வண்டிக்குக் கட்டணம் இல்லை. செய்தித்தாளுக்குச் சில்லறை இல்லை. கடைக்காரர்கள் தத்தம் பெயரில் சீட்டெழுதிக் கொடுத்தனர். மக்கள் அஞ்சல் வில்லைகளைச் சில்லறையாக மாற்றிக்கொண்டனர். பசை தடவிய அவ்வில்லைகள் கோடை வியர்வையில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. சிறு உறையில் இட்டுக் கொடுத்துப் பார்த்தனர். மைக்காத் தகடு பதித்த பித்தளைக் கூட்டில் வைத்து விற்கவும் ஒருவர் முனைந்தார்.

சேஸ் சூலை நடுவில் காங்கிரசு மன்றத்தின்முன் இரு வழிகளை வைத்தார். வெள்ளிக் காசின் எடையை மேலும் குறைத்து, உருக்குவோர்க்கு ஊதியமில்லாதபடி செய்வது ஒன்று. அஞ்சல் வில்லைகளைச் சில்லறையாக ஏற்பது மற்றொன்று. மன்றம் இரண்டாவதைத் தேர்ந்தது. சூலை 17ஆம் நாள் நிறைவேறிய சட்டம் அரசுக்குச் செலுத்தவேண்டிய சிறுதொகைகளுக்கு வில்லைகளை ஏற்றது. ஒரு டாலருக்குக் குறைந்த தனியார் சீட்டுகளைத் தடைசெய்தது. அஞ்சல் நிலையங்களில் கூட்டம் அலைமோதியது. எனவே பசையில்லாத தடித்த தாளில் வில்லையின் உருவை அச்சிட்டு, 5, 10, 25, 50 சென்ட் மதிப்பில் ஆகஸ்டுத் திங்கள் முதல் கருவூலமே வெளியிட்டது. 1863 மார்ச்சுச் சட்டம் ஐந்து கோடி டாலர் வரை இத்தகைய சில்லறைத் தாள்களுக்கு இடமளித்தது.

இத்தாள்கள் விரைவில் கசங்கின, அழுக்கேறின, கள்ளத் தாள்களும் பெருகின. ஆயினும் அவையே பதினான்கு ஆண்டுகள் கோடிக்கணக்கான மக்களின் அன்றாடச் சில்லறையாயின. போர்க்காலத்தின் ஒரு கோடையில் வெளியேறிய வெள்ளி, போர் முடிந்து பத்தாண்டுகள் ஆகியும் கிழக்கு மாநிலங்களுக்குத் திரும்பவில்லை.

காசில் இறைநம்பிக்கை

இக்காலத்தில் நிகழ்ந்த மற்றொன்றும் நம் கவனத்திற்குரியது. போரின் முதலாண்டில், 1861 நவம்பரில், பென்சில்வேனியாவைச் சேர்ந்த சமய போதகர் ஒருவர், நாட்டின் காசுகளில் இறைவனைப் பற்றிய நினைவு இல்லையே என்று சேஸுக்கு எழுதினார். ஒரே கிழமையில் நாணயச்சாலையின் இயக்குநருக்குச் சேஸ் ஆணை அனுப்பினார். இறைவனின் வலிமையாலன்றி எந்த நாடும் வலிமை பெறுவதில்லை என்பது அவருடைய உறுதியான எண்ணம். வாசகத்தை அவரே திருத்தி அமைத்தார். இறைவனையே நாங்கள் நம்பியிருக்கிறோம் என்னும் பொருளுடைய அவ்வாசகம் 1864இல் இரண்டு சென்ட் வெண்கலக் காசில் முதன்முறை பொறிக்கப்பட்டது. 1866 முதல் டாலர், அரை டாலர், கால் டாலர் வெள்ளிக் காசுகளிலும் இடம்பெற்றது. ஆயினும் அவ்வெள்ளிக் காசுகள் அச்சாகியும் கிழக்கு மாநிலங்களில் பொதுமக்கள் கையில் புழங்கவில்லை. இறைவன் பெயர் பொறித்த வெள்ளி நாணயச்சாலையில் பிறந்தது. எளியவன் கையிலோ அழுக்குத் தாளே தங்கியது.

சுமையைத் தாங்கியோர்

சேஸின் பணியை நடுவுநிலையோடு சீர்தூக்கினால் சிறப்பும் பெரிது, குறையும் பெரிது. அமெரிக்க நடுவண் அரசு 1861இல்தான் முதன்முறையாக வருமான வரிச் சட்டம் இயற்றியது. 1862இல் உள்நாட்டு வரித் துறை தோன்றியது. 1863, 1864ஆம் ஆண்டுச் சட்டங்களால் தேசிய வங்கிகள் அமைந்து, நாடு முழுமைக்கும் ஒரே சீரான வங்கித் தாள் கிட்டியது. கருவூலத்தில் தாள்களைக் கத்தரிக்கப் பெண்கள் பணியமர்த்தப்பட்டனர். நடுவண் அலுவலகங்களில் பெண்கள் பெருமளவில் நுழைய அதுவே வாயிலாயிற்று. தாள் அச்சிடுவதையே பெரிதும் நம்பிய தென்னாட்டில் விலைவாசி கட்டுக்கடங்காது ஏறி, இறுதியில் அவர்கள் பணம் ஒன்றுக்கும் உதவாமற் போனது. வடக்கில் அந்நிலை வரவில்லை.

ஆயினும் வரி போர்ச் செலவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கையே ஈட்டியது. எஞ்சியது கடனும் தாளுமே. போர் முடிந்தபோது நாட்டின் கடன் ஏறத்தாழ 270 கோடி டாலர். வடக்கிலும் விலைவாசி ஏறத்தாழ இரு மடங்காயிற்று. கூலி அந்த அளவுக்கு உயரவில்லை. காலாட்படை வீரரின் மாதச் சம்பளம் 13 டாலர். 1864இல் அதனை 16 டாலராக உயர்த்தினர். அவ்வாண்டு சூலையில் தாளின் மதிப்பு இறங்கிய இறக்கத்தில், உயர்த்தப்பட்ட அந்தப் பதினாறும் தங்கக் கணக்கில் பழைய பதின்மூன்றில் பாதிகூடப் பெறவில்லை. வரி எனின் சட்டமன்றத்தில் பேசி விதிக்கப்படுவது. யாருக்கு எவ்வளவு என்பது வெளிப்படை. தாளின் மதிப்புக் குறைவோ பேசப்படாமலே விதிக்கப்பட்ட வரி. அதனை மிகுதியும் செலுத்தியவர் வீரரும் கூலியாளும் நிலையான வருவாயினருமே.

பொன்னின் விலையேற்றத்திற்குச் சூதாட்ட வணிகரே காரணம் என்று சேஸ் கருதினார். அவர் விருப்பப்படி 1864 சூன் 17ஆம் நாள் பொன்னின் முன்பேர வணிகத்தைத் தடைசெய்யும் சட்டம் வந்தது. வெளிப்படையான சந்தை மூடப்பட்டதும் அச்சம் பெருகி விலை முன்னிலும் வேகமாக ஏறியது. சூலை 2ஆம் நாள், பதினைந்தே நாள்களில், காங்கிரசு மன்றம் அச்சட்டத்தை நீக்கியது. சட்டத்தால் எடையை நிர்ணயிக்கலாம். நம்பிக்கையை நிர்ணயிக்க இயலாது என்பதை அந்தப் பதினைந்து நாள்கள் காட்டின.

அதற்கு இரு நாள்கள் முன்னரே சேஸ் பதவியில் இல்லை. நியூயார்க்குக் கருவூல அலுவலர் ஒருவரை அமர்த்துவதில் லிங்கனோடு பிணக்கு ஏற்பட்டு விலகல் கடிதம் கொடுத்தார். முன்பும் அவ்வாறு கொடுத்ததுண்டு, லிங்கன் ஏற்றதில்லை. இம்முறை சூன் 30ஆம் நாள் ஏற்றுக்கொண்டார்.

தம்மையே விசாரித்த நீதிபதி

உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி இறந்தபோது, தம்மை எதிர்த்துப் போட்டியிட முயன்ற அதே சேஸையே 1864 டிசம்பரில் லிங்கன் அப்பதவிக்கு அமர்த்தினார். போர்க்காலத்துச் சட்டங்களை அவர் தாங்கிநிற்பார் என்னும் எதிர்பார்ப்பும் அதற்கு ஒரு காரணம் என்பர். 1865 பிப்ரவரி முதல் நாள், ஜான் ராக் என்னும் கறுப்பின வழக்கறிஞர் உச்ச நீதிமன்றத்தில் வழக்காடும் உரிமையைச் சேஸ் தலைமையில் பெற்றார். அவ்வினத்தவருள் அந்த உரிமையை முதலில் பெற்றவர் அவரே. மட்டில்டாவுக்காக வாதாடித் தோற்றவருக்கு இதனினும் நிறைவான நாள் வேறு இருந்திருக்க முடியாது.

பின்னர் வந்தது அந்த வழக்கு. கென்டக்கி மாநிலத்து ஹெப்பர்ன் என்னும் அம்மையார் 1860இல் கிரிஸ்வால்ட் என்பாருக்கு 11,250 டாலர் கடனுறுதிச் சீட்டு எழுதிக் கொடுத்திருந்தார். தவணை 1862 பிப்ரவரி 20. அதாவது சட்டமுறைச் செலாவணிச் சட்டம் பிறப்பதற்கு ஐந்து நாள் முன்பு. கடன் அன்று தீர்க்கப்படவில்லை. 1864இல் அம்மையார் பச்சைத்தாளில் செலுத்த முன்வந்தார். பொன்னும் வெள்ளியும் மட்டுமே பணமாக இருந்த நாளில் கொடுத்த கடனுக்கு மதிப்பிழந்த தாளை வாங்கிக்கொள்ள வேண்டுமா என்பதே வினா.

1870 பிப்ரவரி 7ஆம் நாள் பெரும்பான்மைத் தீர்ப்பைச் சேஸே எழுதினார். சட்டத்திற்கு முன் ஏற்பட்ட கடனுக்குத் தாளை ஏற்கும்படி கட்டாயப்படுத்தியது அரசியலமைப்புக்கு மாறானது என்றார். ஒப்பந்தத்தைக் காப்பது நீதியின் அடிப்படை என்றும், உரிய நடைமுறையின்றி ஒருவர் உடைமையைப் பறிப்பதற்கு இது ஒப்பாகும் என்றும் விளக்கினார். போரின் ஆரவாரத்தினிடையே அமைதியாக ஆய்ந்து முடிவெடுக்க இடமில்லாமற் போயிற்று என்றும், அன்று அச்சட்டத்தை ஆதரித்தோர் சிலர் அமைதிக் காலத்தின் தெளிவில் கருத்து மாறியுள்ளனர் என்றும் அத்தீர்ப்பிலேயே ஒப்புக்கொண்டார். மாறியவர்களுள் முதல்வர் தாமே என்பதை நாடு அறியும்.

எதிர்ப்பு கடுமையாக எழுந்தது. தாமே நடத்திய செயலைத் தாமே குற்றம் என்பதா என்று ஏசினர். மீண்டும் குடியரசுத் தலைவர் பதவியை நாடியே இவ்வாறு செய்தார் என்று ஐயுற்றோரும் உண்டு. தீர்ப்பு வெளிவந்த அன்றே குடியரசுத் தலைவர் கிராண்ட், உச்ச நீதிமன்றத்தின் இரு காலியிடங்களுக்குப் பெயர்களை அறிவித்தார். அவ்விருவரும் சேர்ந்தபின் வினா மீண்டும் விசாரிக்கப்பட்டது. 1871 மே முதல் நாள் ஐவர்க்கு நால்வர் என்னும் கணக்கில் முந்தைய தீர்ப்பு மாற்றப்பட்டது. பச்சைத்தாள் செல்லும் என்றாயிற்று. சேஸ் சிறுபான்மையில் நின்று தம் கருத்தையே மீண்டும் எழுதினார். 1870இலேயே பக்கவாதத்தால் உடல் தளர்ந்திருந்த அவர் 1873 மே 7ஆம் நாள் நியூயார்க்கில் காலமானார்.

வெள்ளி மீண்டது

அவர் மறைந்தபின், 1875 சனவரியில் நிறைவேறிய சட்டம் சில்லறைத் தாள்களுக்கு ஈடாக வெள்ளிக் காசுகளைத் தர வழிசெய்தது. 1876இல் வெள்ளி மக்கள் கைக்குத் திரும்பியது. 1879 சனவரி முதல் நாள், பச்சைத்தாளைக் கொடுத்தால் பொன் கிடைக்கும் என்னும் நிலை மீண்டது. பதினேழு ஆண்டுகளுக்குமுன் நெகிழ்ந்த வாக்கை அரசு மீட்டுக்கொண்டது. சேஸின் உருவம் 20ஆம் நூற்றாண்டில் 10,000 டாலர் தாளில் இடம்பெற்றது. 1877இல் நியூயார்க்கில் தோன்றிய வங்கி ஒன்று அவர் நினைவாகச் சேஸ் என்னும் பெயர் பூண்டது. தாளைப் பணமாக்கியது தவறு என்று தீர்ப்பெழுதியவரின் முகம் அந்நாட்டின் மிகப்பெரிய தாள்களுள் ஒன்றில் நின்றது வரலாற்றின் விந்தை.

சேஸ் 1862இல் செய்தது தவறா, 1870இல் சொன்னது தவறா என்று அறிஞர்கள் இன்றும் வாதிடுவர். அன்று அவர் தாளை அச்சிட்டிராவிடில் படை கலைந்திருக்கும்; படை கலைந்திருந்தால் நாற்பது இலட்சம் அடிமைகளின் விடுதலை எந்நாளில் வந்திருக்குமோ கூற இயலாது. ஆகவே இடுக்கணில் அவர் வாக்கை நெகிழ்த்ததை நாம் பழிப்பதற்கில்லை. ஆனால் இடுக்கண் கால ஏற்பாட்டுக்கு ஒரு முடிவு நாளும், அதன் சுமைக்கு ஒரு நேரிய பங்கீடும் வகுக்காமற் போனது குறையே. அந்தக் குறையின் விலையைக் கொடுத்தவர்கள் அதனை வகுத்தவர்கள் அல்லர். கடனும் ஓர் அமானிதம். தவணை நாளில் முழு மதிப்போடு திருப்பித் தரவேண்டியது. அரசு கடனாளியானாலும் இந்த அறம் மாறுவதில்லை.

பதவி வேட்கை அவரிடம் இருந்தது உண்மை. அதனை மறைப்பது வரலாறாகாது. எனினும் தாம் கையொப்பமிட்ட செயலைப் பலரறியத் தவறு என்று எழுத வேட்கை மட்டும் போதாது. அதற்கு வேறொன்று வேண்டும். பொருளியலும் சட்டமும் பயிலும் நம் மாணவர்கள் நாளை வங்கியிலும் அலுவலகத்திலும் நீதிமன்றத்திலும் அமர்வார்கள். 1965ஆம் ஆண்டுச் சட்டம் அமெரிக்கப் பத்து சென்ட், கால் டாலர்க் காசுகளிலிருந்து வெள்ளியை முற்றிலும் நீக்கிவிட்டது. நம் பையிலுள்ள காசிலும் வெள்ளி இல்லை. வெள்ளியின் எடை காவல் நின்ற இடத்தில் இன்று அரசின் சொல் மட்டுமே நிற்கிறது. அச்சொல்லைக் காக்கும் பொறுப்பு ஒருநாள் நம் மாணவருள் யாருக்கேனும் வரலாம். அப்போது, தம் தவறைத் தாமே திருத்த முன்வந்த சால்மன் சேஸை அவர் நினைவுகூர்வாராக.